படிப்பிக்கப் போவதா, ஊழியத்துக்குப் போவதா? மேலே படிக்க நினைக்கும் மலையகத்துத் தாதி மிஸ்மாருக்கு

போன மாதம் பொகவந்தலாவைப் பக்கமிருந்து தங்கச்சி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். சொந்தக்காரி இல்லை. நான் தாதியாக நின்ற வார்டுக்குப் பயிற்சிக்கு வந்தவள், அன்றிலிருந்து என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். இப்போது திறந்த பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டத்தையும் முடித்துவிட்டாள். 'ஷிப்ட்' பார்த்துக்கொண்டே, லீவு நாளில் பொல்கொல்லை நிலையத்துக்கு பஸ் ஏறி ஏறிப் படித்த பட்டம் அது. கையில் இரண்டு விண்ணப்பங்கள் வைத்திருந்தாள். ஒன்று தாதியர் கல்வியில் முதுமாணி ('மாஸ்டர்ஸ்'), அதாவது தாதியரைப் படிப்பிக்கிற ஆசிரியை ஆவதற்கான படிப்பு. மற்றது, அமெரிக்காவில் சில கிறிஸ்தவப் பல்கலைக்கழகங்கள் நடத்துகிற உலக சுகாதார ஊழியம். வைத்தியசாலைச் சுவருக்கு வெளியே, வசதி போய்ச் சேராத சனங்களிடம் போய், அவர்களோடு இருந்து, நம்பிக்கையையும் மருத்துவத்தையும் ஒன்றாக வைத்து வேலை செய்யப் பழக்கும் படிப்பு.

"எதைப் போடட்டும் அக்கா?" என்றாள். தேத்தண்ணி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமா இது? அன்றைக்கு அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன். அவளைப் போல இன்னும் பலர் நம் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

முதலில் ஒரு ஜீவனி பைக்கற்றின் கதை. வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிற உப்புத் தூள்தான் ஜீவனி. பல வருடங்களுக்கு முன், மலையகத்து வைத்தியசாலை ஒன்றில் நான் பிள்ளைகள் வார்டில் இருந்தேன். வயிற்றோட்டத்தோடு வந்து, தேறி, வீட்டுக்குப் போன ஒரு வயதுப் பிள்ளை மூன்றாம் நாள் திரும்பி வந்தது. முன்பைவிட மோசம். கண் குழி விழுந்து, நாக்கு வறண்டு, தொட்டால் வீரிட்டு அழுதது. ஜீவனி கொடுத்தீர்களா என்று தாயிடம் கேட்டேன். கொடுத்தேன் என்றாள். எப்படிக் கலந்தீர்கள், செய்து காட்டுங்கள் என்று ஒரு பைக்கற்றைக் கையில் கொடுத்தேன். அவள் கட்டிலடியில் இருந்த சின்ன எவர்சில்வர் டம்ளரை எடுத்து, முழுப் பைக்கற்றையும் அதற்குள் கொட்டி, தண்ணீர் ஊற்றிக் கலக்கினாள். ஒரு லீற்றர் தண்ணீரில் கரைக்க வேண்டியது, ஒரு டம்ளருக்குள். உப்பு இரத்தத்தில் ஏறி, பிள்ளையின் உடம்பில் மிச்சமிருந்த தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. "வீட்டுக்குப் போறப்ப சொல்லலையா அம்மா?" என்றேன். "சொன்னாங்க மிஸ். சிங்களத்துல சொன்னாங்க. வெளங்குன மாதிரி தலைய ஆட்டிட்டேன்" என்றாள்.

அந்தப் பிள்ளை பிழைத்தது. எனக்கு அந்த டம்ளர் மட்டும் மறக்கவே இல்லை. அன்று சொல்லிக் கொடுத்த தாதி கெட்டவள் இல்லை. தனக்குத் தெரிந்த மொழியில், தெரிந்த விதத்தில் சொன்னாள். ஒரு தாய்க்கு எப்படி விளக்குவது, விளங்கியதா என்று எப்படிப் பார்ப்பது, சொன்னதைத் திரும்பச் செய்து காட்டச் சொல்ல வேண்டும் என்பதை அவளுக்கு யாரும் படிப்பிக்கவில்லை. 1987இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச மொழியாக்கியது. நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தமிழர்கள். ஆனாலும் இரவு பத்து மணிக்கு வார்டில் தமிழ் பேசுகிற மிஸ் இருப்பாரா என்பது இன்னும் அதிர்ஷ்டம்தான். 2017 மே மாதம் டிக்கோயாவில் இந்திய உதவியோடு 150 கட்டில்களுடன் புதிய வைத்தியசாலைக் கட்டடம் திறந்தபோது எல்லோரும் சந்தோஷப்பட்டோம். கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்க ஆள் வேண்டுமே என்ற கவலையும் அன்றே வந்தது.

இந்த இரண்டு படிப்பையும் நான் எடைபோடுவது அந்த டம்ளரை நினைத்துக்கொண்டுதான்.

தாதியர் கல்வி முதுமாணியில் என்ன இருக்கிறது? பாடத்திட்டம் அமைப்பது, வகுப்பில் படிப்பிக்கும் முறைகள், வார்டில் மாணவியைப் பக்கத்தில் வைத்துப் பழக்குவது, பரீட்சைக் கேள்வி தயாரிப்பது, புள்ளியிடுவது என்பவை நடுப்பகுதி. அமெரிக்கத் திட்டங்களில் இவற்றோடு மேல்நிலை நோய் உடற்றொழிலியல், மருந்தியல், உடற்பரிசோதனை ஆகிய மூன்றும் பெரும்பாலும் கட்டாயம். படிப்பிக்கிறவளுக்கு வார்டு அறிவு மழுங்கிவிடக் கூடாது என்பதற்காக. அனுபவமுள்ள ஆசிரியை ஒருவரின் கீழ் நின்று படிப்பித்துக் காட்டவும் வேண்டும். அமெரிக்காவில் தாதியர் ஆசிரியர்களுக்கென்று 2005 முதல் தனிச் சான்றிதழ்ப் பரீட்சையே நடக்கிறது. படிப்பித்தல் தனித் திறமை, நல்ல தாதி என்பதால் மட்டும் நல்ல ஆசிரியை ஆகிவிட முடியாது என்று அங்கே ஒத்துக்கொண்டுவிட்டார்கள். இங்கே அந்த எண்ணம் இன்னும் வேரூன்றவில்லை.

நான் படித்த காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். புத்தகம் ஆங்கிலம், விளக்கம் சிங்களம், இரவில் கட்டிலில் படுத்தபடி நானே எனக்குச் சொல்லிக்கொண்டது தமிழ். மூன்று மொழியிலும் ஒரே சிறுநீரகத்தைப் படித்தேன். தோட்டத்தில் பிறந்து, ஏ.எல். விஞ்ஞானம் கிடைக்கிற பாடசாலையைத் தேடிப் போய், அதையும் தாண்டித் தாதியர் கல்லூரிக்கு வருகிற நம் பிள்ளைகள் முதல் வருடத்திலேயே வாயடைத்துப் போவதை நான் பார்த்திருக்கிறேன். தெரியாமல் இல்லை, கேள்வி கேட்கப் பயம். அந்த வகுப்பின் முன்னால் தமிழும் தெரிந்த, தோட்டத்து வரிசை வீடான லயத்து வாழ்க்கையும் தெரிந்த ஆசிரியை ஒருத்தி நின்றால் என்ன நடக்கும்? தமிழ்ப் பிள்ளைக்கு வாய் திறக்கும். அதற்கு மேலே ஒன்று: சிங்களப் பிள்ளைகளும் "எப்படிக் கலந்தீங்க, காட்டுங்க" என்ற ஒரு வசனத்தையாவது தமிழில் பழகிக்கொண்டு வார்டுக்குப் போவார்கள். ஒரு வகுப்பில் நாற்பது பேர் என்றால் நாற்பது வார்டுகளுக்கு அது போகும்.

தமிழில் படிப்பித்தால் தரம் குறையும் என்று யாராவது சொன்னால் மானிப்பாயை நினைத்துக்கொள்ளுங்கள். 1847இல் யாழ்ப்பாணம் வந்து அங்கே வேலை செய்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் வைத்தியர், மேலைத்தேய மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மாணவர்களை வைத்தியர்களாக்கினார். நோயாளியோடு பேசுகிற மொழியில்தான் மருத்துவத்தைப் படிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. மிஷன்காரரும் அவர்தான், ஆசிரியரும் அவர்தான். தங்கச்சி கேட்ட கேள்விக்கு அங்கே ஏற்கெனவே ஒரு பதில் இருக்கிறது.

சரி, ஊழியப் படிப்பு. இதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை, தோட்டத்துப் பக்கம் மருந்து வந்த வழியில் மிஷன்காரர்களின் கால்தடமும் இருக்கிறது. ஊழியம் என்ற சொல்லைக் கேட்டதும் சிலர் மதமாற்றம் என்று முகத்தைச் சுளிக்கிறார்கள். இந்தத் துறை அதைவிட ஆழமானது. 1968இல் உலகத் திருச்சபைகள் மன்றம் தொடங்கிய கிறிஸ்தவ மருத்துவ ஆணைக்குழு, பெரிய மிஷன் ஆஸ்பத்திரிகளைக் கட்டிவிட்டு, ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களை மறந்துவிட்டோமே என்று தன்னையே கேள்வி கேட்டது. அந்தச் சிந்தனை உலக சுகாதார நிறுவனத்தைத் தொட்டது. 1978 அல்மா அட்டா பிரகடனத்தின் ஆரம்ப சுகாதாரப் பராமரிப்புக்குப் பின்னால் அதற்கும் பங்கு உண்டு. மகாராஷ்டிரத்து ஜாம்கேட்டில் ராஜ் அரோலே, மேபல் அரோலே தம்பதியர் 1970இல் தொடங்கிய திட்டத்தைப் பாருங்கள். எழுத்தறிவில்லாத கிராமத்துப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாக்கினார்கள். எங்கள் தோட்டங்களில் கொழுந்து பறிக்கிற ஒரு அக்காவுக்கு அப்படிப் பயிற்சி கொடுத்தால் என்ன என்று அதைப் படிக்கும்போதெல்லாம் நினைப்பேன்.

அமெரிக்காவில் 1980களின் நடுவில், லூத்தரன் போதகரான கிரேஞ்சர் வெஸ்ட்பர்க் இலினோய் மாநிலத்தில் தொடக்கிவைத்த சபைத் தாதி முறையும் இந்தத் துறையின் ஒரு கிளை. கோயிலுக்கு, பள்ளிக்கு, சபைக்கு வருகிற இடத்திலேயே ஒரு தாதி இருந்து, பிரஷர் பார்த்து, மருந்தை ஒழுங்காகக் குடிக்கிறார்களா என்று கவனித்து, மனக்கவலையையும் கேட்பது. நமக்கு அது கிறிஸ்தவச் சபையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. மாரியம்மன் கோயில் திருவிழாக் கூட்டத்தில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தாலே பிரஷர் பார்க்கக் கிடைக்கிற ஆண்களின் எண்ணிக்கை கிளினிக்கைவிடக் கூடும். ஆண்கள் கிளினிக்குக்கு வருவது எவ்வளவு குறைவு என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

இந்தப் படிப்பு கொடுக்கும் சாமான் நமக்கு மிகவும் வேண்டியது: தொற்றுநோயியல், சமூகத்தோடு சேர்ந்து திட்டமிடுவது, அனர்த்த நேர வேலை, வேறு கலாசாரத்தாரோடு பழகும் பக்குவம். 2016 சனத்தொகை, சுகாதார அளவீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாட்டில் சுமார் 17 சதவீதம், தோட்டத்துறையில் கிட்டத்தட்ட 32. வார்டில் நின்று இந்த இடைவெளியை அடைக்க முடியாது. தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விடுகிற பிள்ளைக் காம்பராவில், லயத்து அடுப்படியில், காலையில் வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டுக் களத்தில் அடைக்க வேண்டியது. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதைந்தபோது, உயிர் தப்பியவர்கள் முகாம்களில் தூக்கமில்லாமல் கிடந்தார்கள். அங்கே போய் எதில் தொடங்குவது என்று தெரிந்த தாதி எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

ஆனாலும் இந்தப் படிப்பில் எனக்கு ஒரு மனக்குறை. பாடத்திட்டம் பெரும்பாலும் அங்கிருந்து வெளியே போகிறவர்களுக்காக எழுதப்பட்டது. பணக்கார நாட்டுத் தாதி சில வாரம் ஏழை நாட்டுக்குப் போய் வருவதற்கான ஆயத்தம் அதில் நிறைய இருக்கிறது. அவர்கள் 'களம்' என்று சொல்கிற இடத்தில்தான் நீ பிறந்தாய், தங்கச்சி. உன் அம்மா கொழுந்துக் கூடையோடு ஏறிய மலை அது. வேற்று மனிதரிடம் எப்படிப் பழகுவது என்ற பாடத்தில் உனக்குப் பாதி தேவையில்லை, மீதி பாதியை நீயே எழுதிக் கொடுக்கலாம். அதோடு, அந்தப் படிப்பை முடித்தவர்களுக்கு இங்கே ஒரு பதவிப் பெயர் இல்லை. அரச சேவையில் அதற்கு நாற்காலி கிடையாது. தொண்டு நிறுவனத்தில், திருச்சபை அமைப்பில் வேலை கிடைக்கலாம். திட்டக் காசு முடியும்போது அந்த வேலையும் முடியலாம்.

படிப்பிக்கும் வழியிலும் நாற்காலி சும்மா கிடைப்பதில்லை. அதைப் பலர் விண்ணப்பம் போட்டுக் காசு கட்டிய பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். அரச தாதியர் கல்லூரியில் ஆசிரியை ஆவது அமைச்சின் சேவைப் பிரமாணக் குறிப்பின்படி நடக்கிற விஷயம். வெளிநாட்டு முதுமாணியைக் கொண்டுபோய்க் காட்டியவுடன் தூக்கி உட்கார வைக்க மாட்டார்கள். சேவைக்காலம், தெரிவு, அடிப்படைப் பயிற்சிக்குப் பிந்திய கல்லூரியின் பயிற்சி என்று அதற்கு ஒரு படிக்கட்டு உண்டு. பல்கலைக்கழக விரிவுரையாளர் வழி வேறு. பேராதனையிலோ யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ தாதியியல் படிப்பிக்க ஆசை இருந்தால், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு எதிர்பார்ப்பது ஆய்வுக் கூறுள்ள, குறைந்தது இரண்டு கல்வியாண்டு முதுமாணி. பாடங்களை மட்டும் முடித்து ஆய்வறிக்கை இல்லாமல் வருகிற ஒன்லைன் பட்டம், எவ்வளவு பெரிய பல்கலைக்கழகத்துப் பெயர் இருந்தாலும், அந்த இடத்தில் தடுக்கி விழும். தங்கச்சி கொண்டுவந்த கல்வி முதுமாணி விண்ணப்பத்தை அன்றே புரட்டிப் பார்த்தோம். ஆய்வறிக்கைக்குப் பதிலாக ஒரு சிறு செயற்றிட்டம்தான் இருந்தது.

அமெரிக்க ஒன்லைன் படிப்பில் இன்னொரு முள். பெரும்பாலான தாதியியல் முதுமாணிகள் அமெரிக்காவின் பதிவு பெற்ற தாதி உரிமம் கேட்கும். அதற்கு நம் சான்றிதழ்களை மதிப்பீட்டுக்கு அனுப்பி, 'என்கிளெக்ஸ்' பரீட்சை எழுத வேண்டும். ஆங்கிலப் பரீட்சையும் கூடவே வரும். எல்லாம் டொலர். 2022இல் இருநூறு ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களில் முந்நூற்றைம்பதைத் தாண்டியதைப் பார்த்தவர்கள் நாம். இரண்டு வருடத்துக்கு டொலரில் கட்டணம் கட்டுவேன் என்று கையெழுத்துப் போடுவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டும். அதே வருடம் அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமில்லா லீவில் வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை வந்தது. நம் வார்டுகளிலிருந்தும் பலர் போனார்கள். போனவர்களை நான் குறை சொல்லவில்லை, பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட வேண்டுமே. ஆனால் படிக்கப் போகிறேன் என்று போவதும் பிழைக்கப் போவதும் இரண்டு வேறு முடிவு. எதற்காகப் போகிறோம் என்று மனதுக்குள்ளாவது உண்மையாக இருக்க வேண்டும்.

கடல் தாண்டினாலும் தமிழ் கேட்கிற இடம் ஒன்று இருக்கிறது: வேலூர். 1820 வாக்கில் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியம் செய்த ஜோன் ஸ்கடரின் பேத்தி ஐடா ஸ்கடர், 1900இல் ஒரு கட்டிலோடு தொடங்கியது இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. 1909இல் தாதியர் பயிற்சி, 1946இல் தாதியியல் பட்டம். இந்தியத் தாதியர் மன்றத்தின் முதுமாணி இரண்டு வருடம். பட்டத்தில் 55 சதவீதமும் ஒரு வருட அனுபவமும் கேட்கிறார்கள். எனக்கு அதில் பிடித்தது என்னவென்றால், எந்தச் சிறப்புத்துறையை எடுத்தாலும் முதல் வருடத்தில் தாதியர் கல்வி ஒரு கட்டாயப் பாடம், ஆய்வறிக்கையும் உண்டு. சமூக சுகாதாரத் தாதியியலைச் சிறப்புத்துறையாக எடுத்தால், படிப்பித்தலும் சமூக வேலையும் ஒரே பட்டத்துக்குள் வந்துவிடும். வேலூர்க் கல்லூரியின் தாதியர் தாங்களே கிராமங்களுக்குள் இறங்கி நடத்துகிற சமூக சுகாதாரத் திட்டமும் இருக்கிறது. நோயாளி தமிழில் பேசுவார், நீ தமிழில் பதில் சொல்வாய், ஆங்கிலத்தில் எழுதுவாய். தங்கச்சியின் இரண்டு விண்ணப்பத்திலும் இல்லாத இந்த மூன்றாவது வழியைத்தான் நான் முதலில் பார்க்கச் சொன்னேன். வெளிநாட்டு மாணவிகளுக்கு இடமும் கட்டணமும் எப்படி என்று கல்லூரிக்கே எழுதிக் கேள், முகவர்களிடம் போகாதே என்றும் சொன்னேன்.

உள்நாட்டில் முதுமாணி செய்வதை யாரும் மட்டமாக நினைக்கக் கூடாது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் தாதியியலுக்குத் தனிப் பீடமே வந்துவிட்டது. 1994இல் திறந்த பல்கலைக்கழகம் வேலை பார்க்கிற தாதியருக்குப் பட்டக் கதவைத் திறந்தபோது, இவ்வளவு தூரம் வருவோம் என்று எங்களில் யாரும் நினைக்கவில்லை. உள்நாட்டுப் பட்டத்தில் பெரிய நன்மை, ஆய்வை நம் மண்ணிலேயே செய்யலாம். தோட்டத்துத் தாய்மாருக்கு வீடு போகும்போது கொடுக்கும் விளக்கம் எந்த மொழியில், எந்த விதத்தில் கொடுத்தால் நிற்கிறது என்று யாராவது ஒழுங்காக ஆராய்ந்தால், அந்த ஒரு ஆய்வறிக்கைக்காகவே நான் தங்கச்சியின் காலைத் தொட்டுக் கும்பிடுவேன்.

என் தீர்ப்பைக் கேட்டால், மலையகத்துத் தாதிக்கு முதுமாணி என்று வரும்போது படிப்பித்தலை எடு என்பேன். ஊழியத்தை ஒரு பட்டமாக வாங்காவிட்டாலும் செய்யலாம். திருவிழா மேசைக்கும் பிள்ளைக் காம்பராவுக்கும் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. வகுப்பறைக்குள் போகத்தான் சான்றிதழ் வேண்டும். இதற்கு ஒரு விலக்கு உண்டு. நீ ஏற்கெனவே ஒரு சபையிலோ மடத்திலோ தொண்டு அமைப்பிலோ கால் ஊன்றி, திரும்பி வந்தால் இந்த வேலை உனக்கு என்று எழுத்தில் வாங்கியிருந்தால், ஊழியப் படிப்புக்குப் போ, தயங்காதே. கன்னியாஸ்திரீகளில் அப்படிப் படித்து வந்து தோட்டங்களில் அருமையாக வேலை செய்கிறவர்களை எனக்குத் தெரியும். வகுப்பில் நின்று பேசப் பிடிக்காதவளும் படிப்பித்தல் பக்கம் வரக் கூடாது. பதவிக்காக வருகிற ஆசிரியையிடம் மாட்டிக்கொண்ட மாணவியின் கஷ்டம் எனக்குத் தெரியும்.

பிடிக்குமா பிடிக்காதா என்று விண்ணப்பத்தைப் பார்த்துத் தெரியாது. அதனால் தங்கச்சியிடம் ஒன்று செய்யச் சொன்னேன். மேட்ரனிடம் கேட்டு, பயிற்சிக்கு வருகிற மாணவிகளில் நாலு பேரை ஒரு மாதம் உன்னோடு வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமைகளில் உன் டிவிஷன் பிள்ளைக் காம்பராவில் தாய்மாரோடு ஒரு மணித்தியாலம் இரு. மாத முடிவில் எதை விட்டுவர மனமில்லையோ அதைப் பார்த்துக்கொள்வோம் என்றேன்.

நேற்று இரவு அவளிடமிருந்து போன் வந்தது. மாதம் முடிய இன்னும் பத்து நாள் இருக்கிறது. நாலு மாணவிகளில் மூன்று பேர் சிங்களப் பிள்ளைகளாம். வீட்டுக்குப் போகிற ஒரு தாயிடம் அவர்களில் ஒருத்தி, உடைந்த தமிழில், "அம்மா, எப்படிக் கலக்குறது, செஞ்சு காட்டுங்க" என்று கேட்டாளாம். அந்தத் தாய் ஒரு லீற்றர் போத்தலைக் கேட்டு வாங்கினாளாம். சொல்லும்போது தங்கச்சியின் குரல் உடைந்தது. வேலூருக்கு எழுதும் கடிதத்தைச் சனிக்கிழமை கொண்டுவருகிறாள், சேர்ந்து திருத்தப் போகிறோம்.